வாசலில் எரு, வாயில் சீ

அந்த மூட்டை எங்கள் தெருவுக்கு வந்து இறங்கியபோது நான் கேட்டருகே நின்று, எதிர்வீட்டு சயாமாவோடு சேர்ந்து வெங்காய விலையைத் திட்டிக்கொண்டிருந்தேன். சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர். ஓய்வு பெற்று வெகுகாலமாகியும் ரங்கூன் தாகேதாவில் எங்கள் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. மூட்டைக்கு முன்னால் அதன் வாடை வந்தது. பிறகுதான் சைக்கா வந்தது. பக்கவாட்டில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு இங்கே அதுதான் பெயர். இருக்கையில் என் மருமகள், கன்னத்தில் பூசிய தனாக்கா மரச்சாந்து கலையாமல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஈரம் சொட்டும் சாக்கு. தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்தார்கள்.

"சீ!" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொன்னது.

"ஆமா அமே, ச்சீதான்!" என்றாள் அவள், முகமெல்லாம் பல்லாக. "ஆத்துக்கு அந்தப் பக்கம் டாலாவுல ஃப்ரெண்டு வீட்டு மாடு. தொட்டுப் பாருங்க, இன்னும் சூடு இருக்கு."

சயாமா விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கும் விஷயம் அப்படித்தான் கேட்டிருக்கும். ஏனென்றால் பர்மியத்தில் சாணத்துக்கும் மலத்துக்கும் அதுதான் சொல். நம் 'ச்சீ'யைக் கொஞ்சம் மூச்சு சேர்த்துச் சொன்னால் போதும். நான் தமிழில் அருவருத்தேன். அவள் பர்மியத்தில், மாமியார் சரக்கைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டாள். சைக்காக்காரன் கூட மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "ச்சீ, ச்சீ" என்று பாடிக்கொண்டே போனான். என் மானம் கப்பலேறியது.

ஒரு சாக்குச் சாணத்துக்கு இவ்வளவு ரோஷமா என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் அப்பா முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தார். இந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வது எங்கள் குடும்ப வழக்கம். யாராவது மேற்கொண்டு கேட்டால் அம்மா, "ஹெல்த் டிபார்ட்மென்ட்" என்பார். அதற்கு மேலும் கேட்கிறவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சை மாற்றுவார். நகரத்தின் நடுவே லத்தா பக்கத்துப் பழைய கட்டடங்களுக்குப் பின்னால் சந்துகள் ஓடும். அந்தச் சந்துகளில் எடுப்புக் கக்கூஸ்கள் இருந்த காலத்தில் அப்பா வாளி எடுத்தார். அவருடைய அப்பாவையும் அதற்காகத்தான் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் நுழையமாட்டார். வாசல் பைப்பில் கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். எனக்கு மிட்டாய் வாங்கி வந்தால் காகிதத்தின் நுனியைப் பிடித்து நீட்டுவார். என் தலையில் அவர் கை வைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

தெருப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கத்திய சொல்தான் அந்தச் சொல். பர்மியப் பிள்ளைகள் பர்மியத்தில் கத்தினார்கள், தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் கத்தினார்கள், காதில் விழுந்தது ஒன்றுதான். ஆகவே எங்கள் வீட்டில் அந்தப் பொருளுக்குப் பெயரே கிடையாது. 'அது' என்போம். குழந்தை 'அது' போய்விட்டது, பூனை 'அது' பண்ணிவிட்டது. தமிழ் 'சீ' மட்டும் எப்படியோ என் நாக்கில் தங்கிவிட்டது. அதுவும் அன்று காலை வாசலில் வந்து விழுந்தது.

மருமகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் வடக்கே மலைமேல் இருக்கும் மேமியோ ஊர்க்காரி. ஊருக்கு இப்போது வேறு பெயர், நாங்கள் பழையபடிதான் சொல்வோம். பர்மியப் பெண், பௌத்த வீடு. என் மகன் கப்பலில் வேலை செய்பவன். எங்கேயோ பார்த்தான், பழகினான், கல்யாணம் செய்து என்னிடம் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான். நாங்கள் இருவரும் பாதி பர்மியம் பாதி தமிழ் என்று கலந்துகட்டிப் பேசி வாழ்கிறோம். அவள் என்னை அமே என்பாள், நான் அவளைத் தமீ என்பேன். அம்மா, மகள், அவ்வளவுதான். அந்த மட்டில் எங்களுக்குள் ஒரு குறையும் கிடையாது.

கல்யாணமான மறுவருஷம் அவளுடைய அம்மா இறந்துபோனார். காரியத்துக்குப் போனவள் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு திரும்பினாள். அண்ணன் வீட்டை விற்கப்போகிறானாம். அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டது அம்மா தோட்டத்து ஐரிஸ் பூச்செடியின் கிழங்குகளை மட்டும். செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பிரித்துப் பார்த்தேன், நோஞ்சான் இஞ்சி மாதிரி இருந்தது. போனில் பூவைக் காட்டினாள். ஊதா நிறம், நாக்கைத் தொங்கப்போட்ட இதழ், நாக்கின்மேல் மஞ்சள் ரோமம். "அம்மா" என்றாள், பூவைத் தொட்டு. படத்தில் பூவுக்குப் பின்னால் ஒரு சட்டையும் கையும் தெரிந்தன. முகம் இல்லை.

வாசலில் கேட்டை ஒட்டிப் பாத்தி கட்டினாள். எங்களுக்கு வெயில் விழும் வெட்டவெளியே அதுதான். நட்டபோது கிழங்கை முழுக்கப் புதைக்கவில்லை. வேரை மட்டும் மண்ணுக்குள் விட்டு, முதுகு வெளியே தெரியும்படி வைத்தாள். "முதுகுல வெயில் படணும் அமே. மூடினா அழுகிடும்" என்றாள். அம்மா சொன்னதாம். மேமியோவில் குளிர்காலத்தில் விடியற்காலை உறைபனி விழும். மண் பனியில் உப்பி, வெயிலில் இறங்கி, மறுபடி உப்பி, கிழங்கை வேரோடு வெளியே தள்ளிவிடுமாம். அவளுடைய அம்மா குளிர் இறங்கும் முன்பே வைக்கோல் பரப்புவார். அப்படியும் கிளம்பிய கிழங்கைக் குதிகாலால் மெதுவாக அழுத்திவிட்டுத்தான் முகம் கழுவப் போவார். இவளும் டிசம்பரில் எங்கிருந்தோ வைக்கோல் வாங்கிவந்து பரப்பினாள். ரங்கூன் குளிர் ஒரு ஸ்வெட்டருக்கும் குரங்குத் தொப்பிக்கும் போதும், மண் நடுங்குகிற குளிர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. தினமும் காலையில் போய்ப் பாத்தியைக் குதிகாலால் அழுத்தினாள். பனியில்லாத மண்ணை என்னத்துக்கு அழுத்துகிறாள் என்று சயாமா கேட்டார். துக்கத்தை யாரால் கேள்வி கேட்க முடியும்?

அந்த வெயில் காலத்தில்தான் சாணம் வந்தது. அதைப் பாத்தியில் போடுவதற்காக அவள் கொண்டுவரவில்லை. அதைத் தெளிவாக, பர்மியத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை என்னிடம் சொன்னாள். பச்சைச் சாணம் சூடு. அதில் கிருமி இருக்கும், செடிக்கும் ஆகாது, மனிதருக்கும் ஆகாது. மாதக்கணக்கில் குவித்துப் போட்டு, கிளறிக் கிளறி, கையில் எடுத்தால் மண் வாசனை மட்டும் வருகிற பதத்துக்கு மக்க வேண்டும். அப்புறமும் கிழங்கைத் தொடாமல் தள்ளித்தான் போட வேண்டும். பின்கட்டில் வைத்துக்கொள்ளேன் என்றேன். பின்னால் கைப்பம்பு இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீரில் இறங்கும் என்றாள். ஆகவே குவியல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. மேலே ஒரு தகரம், தகரத்தின் மேல் ஒரு செங்கல்.

நான் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பதை விட்டேன். தேநீர்க் கடையைத் தாண்டும்போது யாராவது சிரித்தால் எங்களைத்தான் என்று தோன்றும். அந்தக் குவியல் என் அப்பாவை மறுபடி வாசலில் கொண்டுவந்து உட்காரவைத்த மாதிரி இருந்தது. அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டாலும் நினைப்பு நிற்கவில்லை.

டிசம்பரில் மகன் லீவில் வந்துபோனதில், மழைக்காலம் தொடங்கும்போது அவள் வாயும் வயிறுமாக இருந்தாள். எங்கள் தமிழ்க் கோயில் அக்காமார் விடுவார்களா? வளைகாப்பு நாங்களே வந்து நடத்துகிறோம், பர்மியப் பெண் என்றால் என்ன, நம் வீட்டுப் பிள்ளை அல்லவா என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிஷம் குவியல் ஞாபகம் வந்தது. இத்தனை தமிழ்ப் பெண்களும் அந்தத் தகரத்தைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். வந்தவர்களில் ஒருத்தி போதும், "ம்ம், இவங்க அப்பாரு முனிசிபல்ல இருந்தவருல்ல" என்று ஆரம்பிக்க. இத்தனைக்கும் அவர்களில் பாதிப் பேரின் தாத்தாக்கள் அதே சந்துகளில் அதே வாளியைத் தூக்கியவர்கள். அதனாலேயே எங்களில் யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை.

வளைகாப்புக்கு முந்தின நாள் அவள் வேலைக்குப் போனதும் மம்பட்டியை எடுத்தேன். தோண்டுவதற்கு இளகிய மண் அந்தப் பாத்தியில் மட்டும்தான் இருந்தது. ஐரிஸ்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து ஓரமாக வைத்தேன். குழி தோண்டி, பாதிகூட மக்காத சாணத்தை அள்ளி அள்ளிக் கொட்டினேன். அதன்மேலேயே கிழங்குகளை உட்காரவைத்து, வாடை வெளியே வராமல் முதுகுக்கு மேலும் மண்ணை ஏற்றி, காலால் மிதித்து இறுக்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, அதை நான் மம்பட்டியால் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. இரண்டு பாஷையில் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

முடித்துவிட்டு பைப்படியில் நின்று கழுவினேன். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அது யாருடைய கை என்று புரிந்தது. குழாயைச் சட்டென்று மூடினேன். குவியல் இருந்த இடத்தில் தண்ணீர் தெளித்து ஒரு பெரிய கோலம் போட்டேன்.

சாயங்காலம் அவள் கேட்டருகே நின்று தேடினாள்.

"எங்க அமே?"

"முனிசிபல் வண்டி வந்துச்சு தமீ. எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன். நாளைக்கு ஆளுங்க வர்றாங்கல்ல."

ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டாள். "உங்களுக்கு வெக்கமா இருந்திருக்கும். சாரி அமே" என்றாள். பிறகு, "பாவம் அவங்க. நமக்கு வேண்டாத எல்லாத்தையும் அவங்க தலையிலதான் கட்டுறோம்" என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. செய்யாத வேலையைக்கூட அப்பாவின் ஆட்கள் தலையில் ஏற்றிவிட்டேன்.

வளைகாப்பு நன்றாகத்தான் நடந்தது. இரண்டு கையும் நிறைய கண்ணாடி வளையல்கள், கன்னத்தில் சந்தனமும் தனாக்காவும் ஒன்றாக. அக்காமார் கலந்த சாதம் கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்தி கேலியாக, "அப்ப எப்பம்மா தாய்வீட்டுக்குப் பயணம்?" என்று கேட்டாள். வளையல் போட்டபின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். கேட்டபிறகுதான் அவளுக்கும் உறைத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். என் மருமகளோ புதிதாகப் படித்த தமிழில், நிதானமாக, வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"இங்கதான். வாசல்ல இருக்கு."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உயரமாக மண் ஏற்றிய பாத்தி, நான்கைந்து வாள் மாதிரி இலைகள். அக்காமாரில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பாயசம் எடுக்கப் போகிற சாக்கில் அடுப்படிக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மழை உங்களுக்குத் தெரிந்த மழை அல்ல, வாரக்கணக்கில் வானத்தைக் கழற்றிவைத்துவிட்டுப் பெய்யும். ஐரிஸ் இலைகள் முதலில் நுனியில் மஞ்சளாயின. பிறகு ஒவ்வொன்றாக அடியோடு சாய்ந்தன. பாத்தியிலிருந்து கெட்டுப்போன ஒரு வாடை வந்தது. சாண வாடை என்று அவளுக்குத் தோன்றவில்லை, அது கிழங்கு அழுகும் வாடை. பெரிய வயிற்றோடு குடையைப் பிடித்துக்கொண்டு பாத்தியருகே நிற்பாள், குனிய முடியாது. "இங்க மழைதான் பனி. நான் மேடா வெச்சிருக்கணும்" என்பாள். இன்னொரு நாள், "அம்மாவுக்கு இந்த ஊர் பிடிக்கல போல அமே. என்கூட இருக்கப் பிடிக்கல" என்று சொல்லி அழுதாள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் அவள் தலையைத் துவட்டிவிட்டு, இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே நன்றாகச் சாப்பிட்டது, தூங்கியது.

அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி எதையும் தொடாமல் இருந்தால் எப்படி? எது கேட்டாலும் செய்து தருகிறேன் என்றேன். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவளாகவே, "அத்தோ சாப்பிடணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அத்தோ என்றால் எதையும் பச்சையாக நறுக்கிப் பிசைகிற பர்மியக் கலவை. எனக்கு ஒரே சந்தோஷம். வெங்காயம் நறுக்கும் சத்தம், பூண்டு எண்ணெயில் பொரியும் வாசனை. நான் முன்னறையில் மகனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். வேர்க்கடலைப் பொடி, பச்சை வெங்காயம், அதன் நடுவே குவியலாகப் பச்சை வல்லாரை.

"ஏது தமீ கீரை?"

"நம்ம பாத்தி ஓரத்துலதான் அமே. அம்மா செடிதான் போச்சு, கீரை பாருங்க, எப்படிக் கொழுத்திருக்குன்னு!"

கொழுக்காமல் என்ன செய்யும்? அடியில் இருப்பதைத் தின்று வளர்ந்த கீரை. மழைத்தண்ணீர் தெறித்துத் தெறித்து இலையெல்லாம் அதுதான் இருக்கும். சும்மா அலசினால் போகிற சங்கதி அல்ல. அவள் விரல்களில் ஒரு பிடி எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ச்சீ!" என்று கத்திக்கொண்டு தட்டைப் பிடுங்கினேன். கடலையும் வெங்காயமும் தரையெல்லாம் சிதறின. அவள் கையிலிருந்ததையும் தட்டிவிட்டேன்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. இதற்குள் கோயில் அக்காமாரோடு பழகிப் பழகி, தமிழ் 'சீ' என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தமிழிலேயே கேட்டாள்:

"நான் செஞ்சது அவ்ளோ அசிங்கமா அமே?"

"தமிழ் இல்ல தமீ" என்றேன். "பர்மியம். பர்மிய ச்சீ."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கே என் வாயிலிருந்து வந்தது இன்னது என்று அப்போதுதான் புரிந்தது. பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பொருளின் பெயரைச் சொன்னதில்லை. நான் சொல்லிவிட்டேன். முதலில் வயிற்றுக்குள் எதுவும் போனதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். அவள் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபிறகு, குழியிலிருந்து கோலம் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். குரலை உயர்த்தவில்லை. "நீங்க வெக்கப்படுறதுக்கு எங்க அம்மா செடியா அமே?" என்றாள். "நான்தான் கொன்னுட்டேன்னு எத்தனை நாள் அழுதேன். பக்கத்துலதானே இருந்தீங்க?"

ஏன் அப்படிச் செய்தேன் என்றாவது அவளுக்குச் சொல்ல வேண்டும். பைத்தியக்காரி என்று அவள் நினைப்பதைவிட உண்மை தேவலை. அப்பாவைப் பற்றிச் சொன்னேன். முனிசிபாலிட்டி என்ற சொல்லோடு நிறுத்தாமல் வாளி வரை போனேன். லத்தா சந்துகளைச் சொன்னேன், வாசல் பைப்பைச் சொன்னேன், காகித நுனியில் நீட்டிய மிட்டாயைச் சொன்னேன். தெருப் பிள்ளைகள் கத்தியதையும் சொன்னேன். என் மகனுக்குக்கூட இவ்வளவு தெரியாது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்க அம்மா இருந்திருந்தா, உங்க அப்பாகிட்ட போய் எனக்கு ஒரு வண்டி குடுங்கன்னு நின்னிருப்பாங்க."

என்னை மன்னித்துச் சொன்னாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அம்மாவின் ஞாபகத்தில் சொன்னாள். தோட்டக்காரி அந்த அம்மாள், உண்மையில் நின்றிருக்கக்கூடும். ஆனால் என் அப்பா சுமந்ததை வேண்டும் என்று யாரும் வந்து கேட்டதில்லை. கேட்பார்கள் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதுகூட இல்லை. நான் வாய்விட்டு அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, அதுவும் நியாயந்தான்.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டது. பட்டப்பகலில், தேநீர்க் கடை நிறைய ஆள் இருக்கும்போது பாத்தியைத் தோண்டினேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். ரப்பர் கையுறை போட்டால்தான் ஆயிற்று என்றாள், போட்டேன். வல்லாரையைப் பிடுங்கித் தூரப் போடச் சொன்னாள், போட்டேன். சாணத்தைக் கூடை கூடையாக அள்ளி, பழைய இடத்திலேயே, என் கோலம் இருந்த இடத்திலேயே மறுபடி குவித்தேன். மேலே தகரம், தகரத்தின் மேல் செங்கல். கிழங்குகளில் பெரும்பாலானவை விரல் பட்டதும் கூழாய்க் கரைந்தன. இரண்டே இரண்டில் மட்டும் கொஞ்சம் கெட்டியான பாகம் இருந்தது. அழுகலை வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தில் அடுப்புச் சாம்பல் தடவி, ஜன்னலில் கொஞ்ச நேரம் உலர்த்தினோம். பிறகு செங்கல் அடுக்கி மேடு கட்டி, சுத்தமான புது மண்ணில், முதுகு வெளியே தெரியும்படி வைத்தோம். இம்முறை நட்டவள் அவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, செங்கல் மேட்டின்மேல் ஒருக்களித்து உட்கார்ந்து நட்டாள். பிழைக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

அப்போதுதான் சயாமா கடைக்குப் போகிற வழியில் கேட்டருகே நின்றார்.

"என்ன இது, மறுபடியும் வந்திருக்கு?" என்று குவியலைக் காட்டினார்.

"ச்சீ" என்றேன். பர்மியத்தில், சத்தமாக. தேநீர்க் கடைக்கே கேட்டிருக்கும். சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றேன். பெரிதாக எதையோ சாதித்துவிட்ட மாதிரி இருந்தது.

சயாமா சிரித்தார். கையுறையும் கூடையுமாக நான் நின்ற கோலத்தை மேலும் கீழும் பார்த்தார். "பரவாயில்லையே, நல்லா அள்ளிக் குவிச்சிருக்கே. இந்த வேலையெல்லாம் உனக்கு எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, சும்மா கேட்டார்.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு சொல், அப்பா. முந்தின நாள் அதே வீட்டுக்குள் மணிக்கணக்காகச் சொன்ன சொல்தான்.

"மருமக சொல்லிக்குடுத்தா சயாமா" என்றேன்.

சயாமா தலையாட்டிவிட்டுப் போனார். மருமகள் மேட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்து, கிழங்கின் முதுகில் ஒட்டியிருந்த மண்ணை, வெயில் படட்டும் என்று விரலால் தட்டிவிட்டாள்.